யார் உண்மையான கத்தோலிக்கர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நீயெல்லாம் ஒரு கத்தோலிக்கனா?" வெளியாட்கள் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கத்தோலிக்கர்தான் கத்தோலிக்கரைப் பார்த்துக் கேட்கிறார். இலத்தீன் திருப்பலிக்குப் போகிறவரைப் பார்த்து ஒருவர் கேட்பார். நற்கருணையைக் கையில் வாங்குகிறவரைப் பார்த்து இன்னொருவர் கேட்பார். மறுமணம் செய்தவர், கருக்கலைப்புச் சட்டத்துக்கு வாக்களித்த அரசியல்வாதி, வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கோவில் பக்கம் வருகிறவர் என்று பட்டியல் நீளும். கடைசியில் திருத்தந்தையையே பார்த்துக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

திருச்சபைக்கு எல்லை உண்டு. அது விளையாட்டான எல்லை அல்ல. ஆனால் அந்த எல்லையை வரையும் அதிகாரம் உங்களுக்கும் எனக்கும் தரப்படவில்லை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த நிலைப்பாட்டிலிருந்து எழுதப்பட்டவை.

சட்டப்படி யார் கத்தோலிக்கர்?

1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 205-ஆம் சட்டம் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. திருமுழுக்குப் பெற்றவர், மூன்று பிணைப்புகளால் கண்காணக்கூடிய திருச்சபையோடு இணைந்திருந்தால், அவர் முழு ஒன்றிப்பில் இருக்கிறார். ஒரே விசுவாச அறிக்கை, அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்றவை), திருச்சபையின் ஆளுகை ஆகியவைதான் அந்த மூன்று பிணைப்புகள்.

அந்த வரியில் எதெல்லாம் இல்லை என்றும் பாருங்கள். எத்தனை திருப்பலி கண்டார், எந்த மொழியில் செபிக்கிறார், எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார், பாவம் செய்யாமல் இருக்கிறாரா என்பதெல்லாம் அதில் கிடையாது. அவை முக்கியமில்லை என்று அர்த்தமல்ல. உறுப்பினரா இல்லையா என்பதை அவை தீர்மானிப்பதில்லை, அவ்வளவுதான்.

இந்த மூன்று பிணைப்புகளுக்கும் தெளிவான வடிவம் கொடுத்தவர் பதினாறாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித ராபர்ட் பெல்லார்மின். திருச்சபை என்பது கடவுளால் முன்குறிக்கப்பட்டவர்களின் கூட்டம், அதை மனிதக் கண்ணால் அடையாளம் காண முடியாது என்ற கருத்து அவர் காலத்தில் பரவியிருந்தது. அவருக்கு முன்பே, 1415-ல் கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம் பொகேமியக் குரு யான் ஹுஸ்ஸிடம் இதே கருத்தைக் கண்டித்திருந்தது. பெல்லார்மின் அதற்கு நேரெதிராக நின்றார். பிரான்ஸ் நாட்டையும் வெனிஸ் குடியரசையும் எப்படிக் கண்ணால் பார்க்கலாமோ, திருச்சபையையும் அப்படியே பார்க்கலாம் என்று எழுதினார். கொஞ்சம் வறட்டுத்தனமான ஒப்புமை என்று பிற்காலத்தில் பலர் குறைபட்டார்கள். ஆனால் அதில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது. உறுப்பினர் நிலை உள்மனத் தூய்மையைப் பொறுத்தது என்று வைத்தால், யார் உள்ளே யார் வெளியே என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் ஒவ்வொருவரும் அடுத்தவர் மனத்தைச் சோதிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

சாவான பாவத்தில் இருப்பவரும் உறுப்பினர்தானா?

ஆம். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943-ல் கிறிஸ்துவின் மறையுடலான திருச்சபை பற்றி எழுதிய சுற்றுமடலில் இதைத் தெளிவாகச் சொன்னார். எவ்வளவு பெரிய பாவமானாலும், பாவம் என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அந்த உடலிலிருந்து துண்டிக்கப்படுவதில்லை; பிரிவினையும் (திருத்தந்தைக்குப் பணிய மறுப்பது) தப்பறையும் (விசுவாச உண்மையைப் பிடிவாதமாக மறுப்பது) விசுவாச மறுதலிப்பும்தான் தம் இயல்பாலேயே துண்டிக்கின்றன.

இதன் மறுபக்கத்தை, உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் சொன்னது. திருச்சபையில் இணைந்திருந்தும் அன்பில் நிலைத்திராதவர் உடலால் உள்ளே இருக்கிறார், உள்ளத்தால் இல்லை. அவர் மீட்புப் பெறுவதில்லை. ஆகவே "நான் உறுப்பினர்" என்பது யாருக்கும் உத்தரவாதச் சீட்டு அல்ல.

தூயவர்கள் மட்டும் போதும் என்ற எண்ணம் எப்போது தொடங்கியது?

ஏறத்தாழ தொடக்கத்திலிருந்தே. 250-ல் பேரரசர் தேசியுஸ் எல்லோரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். அந்தத் துன்புறுத்தல் ஓய்ந்ததும் அழுதுகொண்டே திரும்பி வந்தார்கள். அவர்களைத் தவமுயற்சிக்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார் உரோமை ஆயரான திருத்தந்தை கொர்னேலியு. சேர்க்கவே கூடாது என்று உரோமைக் குரு நொவாசியன் 251-ல் தன்னையே போட்டி ஆயராக்கிக்கொண்டார். அவர் தொடங்கிய தனிச்சபை நூற்றாண்டுகள் நீடித்தது.

அடுத்தது வட ஆப்பிரிக்கா. 303-ல் பேரரசர் தியோக்கிளேசியன் காலத்தில் திருநூல்களைக் கைப்பற்றி எரித்தார்கள். சில ஆயர்கள் உயிருக்குப் பயந்து நூல்களை ஒப்படைத்தார்கள். பிறகு கார்த்தேஜின் ஆயராகச் செசிலியன் திருநிலைப்படுத்தப்பட்டபோது, அவரைத் திருநிலைப்படுத்திய அப்துங்கா ஆயர் பெலிக்ஸ் அப்படி நூல்களை ஒப்படைத்தவர் என்று குற்றச்சாட்டு எழுந்தது. துரோகியின் கையால் வந்த திருநிலை செல்லாது, அந்த ஆயரோடு ஒன்றித்திருப்பவர்களும் கறைபட்டவர்கள் என்று ஒரு தரப்பு பிரிந்தது. தலைவர் தொனாத்து பெயரால் அவர்களைத் தொனாத்தியர் என்கிறோம். பெலிக்ஸ் அப்படிச் செய்யவில்லை என்று பின்னர் விசாரணையில் தீர்ப்பாயிற்று. அதற்குள் ஊருக்கு ஊர் இரண்டு ஆயர்கள், இரண்டு பீடங்கள். கத்தோலிக்கர் ஒருவர் தங்கள் பக்கம் வந்தால் தொனாத்தியர் மறுபடியும் திருமுழுக்குக் கொடுத்தார்கள்.

411 ஜூனில் கார்த்தேஜில் இரு தரப்பையும் பேரரசின் அதிகாரி மார்செல்லீனுஸ் நேருக்கு நேர் கூட்டினார். பக்கத்துக்கு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் வந்திருந்தார்கள். உட்காருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டபோது தொனாத்தியர் மறுத்தார்கள். தீயோரோடு அமரமாட்டேன் என்கிற திருப்பாடலை மேற்கோள் காட்டி நின்றுகொண்டே இருந்தார்கள். வாதம் எதுவும் தொடங்கும் முன்பே அவர்களுடைய இறையியல் முழுவதும் அந்த நிற்றலில் தெரிந்துவிட்டது.

வட ஆப்பிரிக்க ஆயர் புனித அகுஸ்தீன் அவர்களுக்குச் சொன்ன பதில் வயலில் வளரும் கோதுமையும் களையும் பற்றிய ஆண்டவரின் உவமை. அறுவடை வரை இரண்டும் சேர்ந்தே வளரும். பிடுங்குவது வேலைக்காரர்களின் பணியல்ல. திருமுழுக்கில் செயல்படுபவர் கிறிஸ்துவே, கொடுப்பவரின் தகுதி அதைக் கெடுக்காது என்ற போதனையும் இந்தச் சண்டையில்தான் கூர்மை பெற்றது. வெளியே இருப்பதாகத் தோன்றும் பலர் உள்ளே இருக்கிறார்கள், உள்ளே இருப்பதாகத் தோன்றும் பலர் வெளியே இருக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். இதே அகுஸ்தீன் தொனாத்தியர் மேல் அரசின் தண்டனைச் சட்டங்களை ஏவுவதையும் பிறகு ஆதரித்தார் என்பதை மறைக்கக்கூடாது. அவருடைய இறையியலை ஏற்கிறவர்கள் அதையும் ஏற்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல.

வேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவரைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது?

தண்ணீராலும், தந்தை மகன் தூய ஆவி பெயராலும், திருச்சபையின் நோக்கத்தோடும் கொடுக்கப்பட்ட திருமுழுக்கு செல்லும். மறுபடியும் கொடுப்பதில்லை. அப்படிப்பட்டவர் கத்தோலிக்கத் திருச்சபையோடு முழுமையாக இல்லாவிட்டாலும் உண்மையான ஒருவித ஒன்றிப்பில் இருக்கிறார் என்கிறது 1964-ன் கிறிஸ்தவ ஒன்றிப்பு விதித்தொகுப்பு.

இந்தத் தெளிவுக்கு வர ஒரு கசப்பான சண்டை தேவைப்பட்டது. பிரிந்துபோனவர்கள் கொடுத்த திருமுழுக்கு செல்லாது என்றார் கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான். செல்லும் என்றார் உரோமை ஆயர் ஸ்தேவான். 256 செப்டம்பர் முதல் நாள் 87 ஆயர்கள் சிப்பிரியானின் தலைமையில் கூடி அவர் பக்கமே நின்றார்கள். கடைசியில் நிலைத்தது உரோமையின் போதனைதான். ஆனால் அந்தக் கூட்டத்தைத் தொடங்கும்போது சிப்பிரியான் பேசியதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: அவரவர் கருத்தைச் சொல்லலாம், வேறுவிதமாக நினைக்கிறார் என்பதற்காக யாரையும் தீர்ப்பிடமாட்டோம், ஒன்றிப்பிலிருந்து விலக்கவும்மாட்டோம். இத்தனைக்கும் அவர் விட்டுக்கொடுத்துப் பேசுகிற மனிதர் அல்ல. இரண்டே ஆண்டுகளில் மறைசாட்சியாக இறந்தவர்.

"திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்பது இன்னும் போதனையா?

ஆம், போதனைதான். கைவிடப்படவில்லை. அதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த வாக்கியத்தின் வேர் சிப்பிரியானிடம் இருக்கிறது. அவர் அதைச் சொன்னது பிரிவினை செய்பவர்களை எச்சரிக்க. 1302-ல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸும், 1442-ல் புளோரன்ஸ் பொதுச்சங்கமும் அதை மிகக் கடுமையான சொற்களில் அறிக்கையிட்டார்கள். 1863-ல் ஒன்பதாம் பயஸ், தம் குற்றமின்றி உண்மை மதத்தை அறியாமல், இயற்கைச் சட்டத்தைக் கடைப்பிடித்து நேர்மையாக வாழ்பவர்கள் இறையருளால் நிலைவாழ்வை அடைய முடியும் என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அதையே விரித்தது. கூடவே, கிறிஸ்து இந்தத் திருச்சபையை மீட்புக்குத் தேவையானதாக நிறுவினார் என்று அறிந்தும் நுழைய மறுப்பவர், அல்லது அறிந்தே விட்டு விலகுபவர், மீட்புப் பெற முடியாது என்ற வரியையும் எழுதிவைத்தது. அந்த இரண்டாவது வரியைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் லெனார்ட் ஃபீனி என்ற இயேசு சபைக் குரு 1940-களில் இதை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் தண்ணீரால் திருமுழுக்குப் பெற்றுச் சேராத யாருக்கும் மீட்பில்லை என்பது அவர் போதனை. 1949 ஆகஸ்டில் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டு அலுவலகம் பாஸ்டன் பேராயருக்குக் கடிதம் அனுப்பியது: போதனை உண்மைதான், ஆனால் மீட்புப் பெற ஒருவர் எப்போதும் பெயரளவில் உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, அறியாமையில் இருப்பவருக்குக் கடவுளின் சித்தப்படி நடக்கும் மனநிலையில் அடங்கியிருக்கும் விருப்பமும் போதும், அந்த விருப்பம் அன்பால் உயிர்பெற்றதாக இருக்க வேண்டும். ஃபீனி அடங்கவில்லை. இயேசு சபையிலிருந்து நீக்கப்பட்டார். உரோமைக்கு வரச் சொன்னபோதும் போக மறுத்தார். 1953-ல், கீழ்ப்படியாமைக்காகத் திருச்சபை ஒன்றிப்பிலிருந்து விலக்கப்பட்டார்.

வெளியே இருப்பவருக்கு வழியே இல்லை என்று போதித்தவர் பத்தொன்பது ஆண்டுகள் வெளியே நின்றார். 1972-ல், இறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒப்புரவாக்கப்பட்டார். தன் கருத்தைத் திரும்பப் பெறு என்று அவரிடம் கேட்கவில்லை. பழைய விசுவாச அறிக்கை ஒன்றைச் சொன்னது போதுமானதாக இருந்தது. இந்த முடிவை நான் ஒரு பலவீனமாகப் பார்க்கவில்லை. அவர் மற்றவர்களுக்குக் காட்டாத பொறுமையைத் திருச்சபை அவருக்குக் காட்டியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் உறுப்பினர் இலக்கணத்தையே மாற்றிவிட்டதா?

பன்னிரண்டாம் பயஸ் மறையுடலும் உரோமைக் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒன்றே என்றார். உறுப்பினர் என்றால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. சங்கம் "உறுப்பினர்" என்ற சொல்லுக்குப் பதில் முழு ஒன்றிப்பு, முழுமையற்ற ஒன்றிப்பு, பல்வேறு விதங்களில் தொடர்பு என்று படிகளாகப் பேசியது. கிறிஸ்துவின் திருச்சபை கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது, அதன் எல்லைக்கு வெளியேயும் தூய்மையின், உண்மையின் கூறுகள் காணப்படுகின்றன என்றது.

இது முறிவு என்று சிலர் வருந்துகிறார்கள், வேறு சிலர் கொண்டாடுகிறார்கள். இரு தரப்பையும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று பிணைப்புகளும் சங்கத்தின் ஏட்டில் அப்படியே இருக்கின்றன. பிரிந்தோரின் திருமுழுக்கு செல்லும் என்று ஸ்தேவான் சொன்ன அன்றே, வெளியே இருப்பதெல்லாம் வெறுமை அல்ல என்பதும் சொல்லப்பட்டாயிற்று.

திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் இன்னும் கத்தோலிக்கரா?

ஆம். இதுதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் தண்டனை. விலக்கம் பெற்றவர் அருளடையாளங்களைப் பெற முடியாது, திருச்சபையில் பொறுப்பு வகிக்க முடியாது. அவருடைய திருமுழுக்கு அழியாது. ஞாயிறு திருப்பலிக் கடமை கூட நீங்குவதில்லை. சட்டமே இதைக் குணமாக்கும் தண்டனை என்று வகைப்படுத்துகிறது. மனம் திரும்பினால் நீக்கப்பட வேண்டும். கால வரையறை வைத்துக் கொடுக்கப்படுவதும் இல்லை.

தப்பறை, பிரிவினை, விசுவாச மறுதலிப்பு ஆகியவற்றுக்கு 1364-ஆம் சட்டப்படி விலக்கம் தானாகவே விழுகிறது. "தானாகவே" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, "அவர் எப்போதோ வெளியே போய்விட்டார்" என்று பிறரைப் பற்றி அறிவிக்கிறார்கள். அந்தச் சட்டத் தொகுப்பையே கொஞ்சம் புரட்டினால் தெரியும்: பதினாறு வயது நிறைவுறாதவர், தன் குற்றமின்றி அறியாமல் செய்தவர், கடுமையான அச்சத்தில் செய்தவர் என்று தண்டனை விழாத அல்லது குறையும் நிலைகள் வரிசையாக இருக்கின்றன. அதையெல்லாம் சீர்தூக்கி அறிவிப்பது திருச்சபை அதிகாரத்தின் வேலை.

ஒரே ஒரு போதனையை ஏற்காதவர் தப்பறைக்காரரா?

எந்தப் போதனை, எப்படி ஏற்கவில்லை என்பதைப் பொறுத்தது. கடவுள் வெளிப்படுத்தியதாகத் திருச்சபை அறுதியிட்டுச் சொன்ன உண்மையை, திருமுழுக்குப் பெற்ற ஒருவர் பிடிவாதமாக மறுப்பது அல்லது பிடிவாதமாகச் சந்தேகிப்பதுதான் தப்பறை. மூவொரு கடவுள், நற்கருணையில் கிறிஸ்துவின் உண்மைப் பிரசன்னம், 1854-ல் அறிவிக்கப்பட்ட மரியாவின் அமல உற்பவம் (அவர் பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானது) எல்லாம் இந்த வகை. அங்கே எல்லை உண்மையாகவே இருக்கிறது. முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் வழுவா வரத்தை (அறுதியிட்டுப் போதிக்கும்போது தவறாத வரத்தை) 1870-ல் அறிக்கையிட்டபோது, மியூனிக்கின் பெரும் வரலாற்றறிஞர் இக்னாஸ் டோலிங்கர் அதை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டே விலக்கப்பட்டார். அறிஞர் என்பதற்காக அவருக்கு விதிவிலக்குக் கிடைக்கவில்லை.

இதற்குக் கீழேயும் படிகள் உண்டு. அறுதியாகக் கற்பிக்கப்படும் வேறு உண்மைகள் ஒரு படி. அறுதியாக அல்லாமல் கற்பிக்கப்படும் போதனைகள் இன்னொரு படி. அவற்றுக்கு மனமும் அறிவும் பணிந்த மதிப்பு தேவை, ஆனால் அவற்றில் தடுமாறுபவர் தப்பறைக்காரர் அல்லர். அப்புறம் ஒரு பொருளாதாரக் கொள்கை பற்றி, ஒரு போரைப் பற்றி, திருப்பலியில் எந்தப் பாடல் பாடலாம் என்பது பற்றிய கருத்துகள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஒரே தராசில் போடுவதுதான் சண்டைகளில் பாதிக்குக் காரணம்.

தனி வெளிப்பாடுகளையும் (தனிமனிதர் கண்ட காட்சிகளையும்) இங்கே சொல்லிவிடுகிறேன். லூர்து, பாத்திமா மரியன்னைக் காட்சிகள் நம்பத் தகுந்தவை என்று திருச்சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எல்லோரும் நம்பியாக வேண்டிய விசுவாச வைப்பின் பகுதி அல்ல அவை. அவற்றை நம்பாதவரைக் கத்தோலிக்கர் அல்ல என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

நற்கருணை வாங்க முடியாதவர் வெளியே இருப்பவர்தானே?

இல்லவே இல்லை. ஒன்றிப்பில் இருப்பதும், ஒரு குறிப்பிட்ட நிலையில் நற்கருணையை அணுகுவதும் இரண்டு வேறு கேள்விகள். இந்தக் குழப்பம் மனிதர்களை உண்மையாகவே காயப்படுத்தியிருக்கிறது.

அமெரிக்க ஆயர்கள் 1884-ல் பால்டிமோரில் கூடி, மணமுறிவு பெற்று மறுமணம் செய்யும் கத்தோலிக்கர்மேல் விலக்கத் தண்டனை விதித்தார்கள். அது 1977-ல்தான் நீக்கப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் குடும்பம் பற்றிய தம் மடலில், மறுமணம் செய்தவர்கள் நற்கருணை வாங்க இயலாது என்பதை உறுதிப்படுத்தினார். அதே பத்தியில், அவர்கள் தங்களைத் திருச்சபையிலிருந்து பிரிக்கப்பட்டவர்களாக எண்ணாமல் இருக்க உதவுங்கள் என்று மேய்ப்பர்களைக் கேட்டுக்கொண்டார். இறைவார்த்தை கேட்கவும், திருப்பலியில் பங்கேற்கவும், பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கவும் அவர்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு.

2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடல், சில சூழ்நிலைகளில் அருளடையாளங்களின் உதவியும் கிடைக்கலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் சொன்னபோது பெரிய விவாதம் வெடித்தது. பர்க், பிராண்ட்முல்லர், கஃபாரா, மைஸ்னர் என்ற நான்கு கர்தினால்கள் விளக்கம் கேட்டுக் கேள்விகளை எழுப்பினார்கள். அந்த விவாதம் நற்கருணையைப் பற்றியது. மறுமணம் செய்தவர் கத்தோலிக்கரா என்ற கேள்வி அதில் எழவே இல்லை.

அரசியல்வாதிகள் விஷயமும் இதுபோல்தான். 915-ஆம் சட்டம், வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைப்பவர்களை நற்கருணைக்கு அனுமதிக்கக்கூடாது என்கிறது. அதைக் கையாள்வது ஆயரும் குருவும். அப்படி மறுக்கப்பட்டவர்கூடக் கத்தோலிக்கராகவே வீடு திரும்புகிறார்.

பழைய இலத்தீன் திருப்பலிக்காரர்கள், பத்தாம் பயஸ் சபையினர்: இவர்களை எங்கே வைப்பது?

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய இலத்தீன் முறைத் திருப்பலியை விரும்புகிறவர் முழுக் கத்தோலிக்கர். 2007-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதைத் தாராளமாக அனுமதித்தார். 2021-ல் பிரான்சிஸ் வெகுவாகக் கட்டுப்படுத்தினார். அனுமதியின் அளவு மாறியது. அந்த மக்களின் உறுப்பினர் நிலை ஒருநாளும் மாறவில்லை. அவர்களைப் பிற்போக்கர் என்று ஒதுக்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அந்தச் சங்கத்தின் மாற்றங்களை எதிர்க்கும் பத்தாம் பயஸ் குருக்கள் சபையின் கதை வேறு. அதன் நிறுவனர் பேராயர் மார்செல் லெபேவ்ர் 1988 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் எக்கோனில், உரோமையின் அனுமதியின்றி நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். அதைப் பிரிவினைச் செயல் என்று உரோமை அறிவித்தது. 2009-ல் அந்த நான்கு ஆயர்களின் விலக்கத்தைப் பெனடிக்ட் நீக்கினார். ஆனால் சபைக்குத் திருச்சபையில் சட்ட நிலை இல்லை, அதன் குருக்கள் முறைப்படியான பணி செய்வதில்லை என்றும் எழுதினார். அந்தக் குருக்களிடம் மக்கள் செல்லத்தக்க பாவசங்கீர்த்தனம் செய்ய 2015-ல் பிரான்சிஸ் வழி செய்தார். இத்தனை படிகள் உள்ள விஷயத்தை "அவர்கள் பிரிவினைக்காரர்கள்" என்றோ "அவர்கள்தான் அசல் கத்தோலிக்கர்கள்" என்றோ ஒரே வரியில் முடிப்பது நேர்மையல்ல.

பன்னிரண்டாம் பயஸ் 1958-ல் இறந்த பிறகு திருத்தந்தையே இல்லை, பீடம் காலி என்பவர்கள் இன்னும் ஒரு படி தாண்டியவர்கள். அவர்கள் வாதம் உறுப்பினர் இலக்கணத்தையே நம்பி நிற்கிறது: தப்பறைக்காரர் உறுப்பினர் அல்ல, உறுப்பினர் அல்லாதவர் தலைவராக முடியாது, ஆகவே பீடம் காலி. பெல்லார்மினையும் துணைக்கு அழைப்பார்கள். வாதத்தின் ஓட்டை இரண்டாம் படியில் இல்லை, முதல் படியில் இருக்கிறது. அவர் தப்பறைக்காரர் என்று தீர்ப்பிட்டது யார்? முதல் பீடத்தை (திருத்தந்தையின் பீடத்தை) யாரும் தீர்ப்பிடுவதில்லை என்கிறது சட்டம். தனிமனிதர் ஒருவர் தன் அறையில் அமர்ந்து அந்தத் தீர்ப்பை எழுதிவிட முடியுமென்றால், பெல்லார்மின் காக்க நினைத்த கண்காணக்கூடிய திருச்சபை கரைந்துபோகிறது. 2024 ஜூலையில், அமெரிக்காவில் திருத்தந்தையின் தூதராக இருந்த பேராயர் கார்லோ மரிய விகனோ, பிரான்சிஸையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையும் ஏற்க மறுத்ததற்காகப் பிரிவினைக் குற்றத்தில் விலக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. முறைப்படி விசாரணை நடத்தி அறிவித்தது உரோமை.

சீனாவில் யார் உண்மையான கத்தோலிக்கர்?

1957-ல் அரசு ஆதரவோடு கத்தோலிக்க நாட்டுப்பற்றுச் சங்கம் அமைக்கப்பட்டது. உரோமையின் அனுமதியின்றி ஆயர்கள் நியமிக்கப்பட்டார்கள். மறுத்தவர்கள் தலைமறைவாகச் செபித்தார்கள். பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார்கள். அவர்களில் சிலருக்கு அரசிடம் பதிவு பெற்ற கோவிலுக்குப் போகிறவர் துரோகி. இந்த வேதனையைத் தூரத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்து குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனாலும் 2007-ல் பெனடிக்ட் சீனக் கத்தோலிக்கருக்கு எழுதிய கடிதத்தில், அங்கே இரண்டு திருச்சபைகள் இருப்பதாக எழுதவில்லை. ஒரே திருச்சபையின் காயம்பட்ட மக்களாகவே இரு தரப்பையும் பார்த்து, மன்னிப்பையும் ஒப்புரவையும் கேட்டார். 2018 செப்டம்பரில் ஆயர் நியமனம் பற்றித் தற்காலிக உடன்படிக்கை கையெழுத்தானபோது, அனுமதியின்றித் திருநிலை பெற்ற ஆயர்களைப் பிரான்சிஸ் ஒன்றிப்பில் சேர்த்தார். உடன்படிக்கை சரியா என்று தாராளமாக விவாதிக்கலாம். ஹாங்காங்கின் கர்தினால் ஜோசப் சென் அதைக் கடுமையாக எதிர்த்தார். திருத்தந்தை ஒன்றிப்பில் சேர்த்தவரை நாம் வெளியே நிறுத்த முடியாது.

ஒருவர் திருச்சபையை விட்டு விலகவே முடியாதா?

நடைமுறையில் விலகலாம், திருமுழுக்கை அழிக்க முடியாது. பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓரம் விட்டிருப்பார்கள். உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் எல்லாம் அந்த ஓரத்தில் ஏறும். விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அதுவும் அங்கேதான் குறிக்கப்படும். மூலப்பதிவை அழிக்கக்கூடாது என்று 2025 ஏப்ரலில் வத்திக்கான் மறுபடியும் விளக்கம் கொடுத்தது. நடந்தது நடந்ததுதான் என்பதே காரணம்.

1983 சட்டத்தில், முறைப்படி விலகியவருக்குத் திருமணச் சட்டங்கள் சிலவற்றிலிருந்து விலக்கு இருந்தது. 2009-ல் பெனடிக்ட் அதையும் எடுத்துவிட்டார்.

ஜெர்மனியில் இது பணத்தோடு பின்னிக்கிடக்கிறது. அங்கே பதிவு பெற்ற கத்தோலிக்கரிடம் வருமான வரியில் 8 அல்லது 9 விழுக்காட்டை திருச்சபை வரியாக அரசு பிடித்துக் கொடுக்கிறது. நிறுத்த வேண்டுமென்றால் அரசு அலுவலகத்தில் விலகல் அறிவிக்க வேண்டும். ஃப்ரைபர்க்கில் ஓய்வுபெற்ற திருச்சபைச் சட்டப் பேராசிரியர் ஒருவர் 2007-ல், வரி வாங்கும் பொதுநிறுவனத்திலிருந்து மட்டும் விலகுகிறேன், விசுவாசத்திலிருந்து அல்ல என்று அறிவித்தார். வழக்கு 2012-ல் லைப்சிக் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போனது. அரசுச் சட்டத்தைப் பொறுத்தவரை அப்படிப் பாதி விலகல் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. அதே மாதம் ஜெர்மன் ஆயர்கள் வெளியிட்ட ஆணைப்படி, விலகல் அறிவித்தவர் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, உறுதிபூசுதல் எதையும் பெற முடியாது, ஞானப்பெற்றோராகவும் முடியாது. 2006-லேயே உரோமை, அரசு அலுவலகத்தில் செய்யும் அறிவிப்பு மட்டும் விசுவாசத்தை விட்டு விலகும் செயல் ஆகாது என்று சொல்லியிருந்தது. திருச்சபையைத் தாங்குவது ஒவ்வொருவரின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வரி கட்டாததற்கு இவ்வளவு பெரிய விளைவு பொருத்தமானது என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் திருமுழுக்குப் பெறாமல் ஆயத்தமாகிறவர்?

தாய்த் திருச்சபை அவரை ஏற்கெனவே தன்னுடையவராக அரவணைக்கிறது என்கிறது இரண்டாம் வத்திக்கான் சங்கம். திருமுழுக்குக்கு முன் இறந்தால் அந்த விருப்பமே அவருக்குத் துணை. 392-ல் இளம் பேரரசர் இரண்டாம் வாலென்டினியன் திருமுழுக்குப் பெறாமல் இறந்தபோது, மிலான் ஆயர் புனித அம்புரோஸ் அந்த ஆறுதலைத்தான் அடக்கச் சடங்கில் சொன்னார்.

ஒருவர் தவறாகப் போதிக்கிறார் என்று உண்மையாகவே நினைத்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

வேண்டாம். 212-ஆம் சட்டம், தம் கருத்தை மேய்ப்பர்களுக்கும் மற்ற விசுவாசிகளுக்கும் தெரிவிக்கும் உரிமையை, சில வேளைகளில் கடமையையும், தருகிறது. 220-ஆம் சட்டம், பிறருடைய நற்பெயரை முறையின்றிக் கெடுக்கக்கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். மத்தேயு 18-ல் ஆண்டவர் காட்டிய வரிசையும் தெளிவு: முதலில் தனியாகப் பேசு, பிறகு ஓரிருவரோடு போ, பிறகுதான் திருச்சபையிடம் சொல். "இந்தக் கருத்து திருச்சபையின் போதனைக்கு எதிரானது" என்று காரணத்தோடு சொல்லுங்கள். "நீ கத்தோலிக்கன் இல்லை" என்று சொல்லாதீர்கள். முதலாவது உங்கள் உரிமை. இரண்டாவது ஒரு தீர்ப்பு. அதற்குரிய நீதிபதி நீங்கள் அல்ல.

விலகிப்போனவர் திரும்பி வர என்ன செய்ய வேண்டும்?

மறுபடியும் திருமுழுக்குத் தேவையில்லை. பெரும்பாலானோருக்கு நல்ல பாவசங்கீர்த்தனம் போதும். முறைப்படி எழுதிக் கொடுத்து விலகியவர், வேறு சபையில் சேர்ந்தவர், விலக்கத் தண்டனை உள்ளவர் என்றால் பங்குத் தந்தையிடம் விவரத்தைச் சொன்னால் அவர் ஆயர் இல்லத்தோடு பேசி, தண்டனையை நீக்கும் வழியைப் பார்ப்பார். திருமணத்தில் சிக்கல் இருந்தால் அதையும் அப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தனியாகத் தீர்க்க வேண்டிய விஷயம் அது, கொஞ்சம் நாளாகலாம். இடையில் திருப்பலிக்கு வரவோ செபிக்கவோ எந்தத் தடையும் இல்லை. எந்தக் காகிதமும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம், வரும் ஞாயிறே வாருங்கள்.